பூச்சோங்கிலிருந்து மூன்று சக்கரத்தில்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் தோட்டத்து மாமா ஒருவர் வாங்கியிருந்த புது வண்டியை எடுத்துவரப் பூச்சோங் வரை போய்வந்தோம். மாமா என்றால் இரத்த உறவு அல்ல. லயத்தில் அடுத்த வீடு. இளமையில் பால்மரம் வெட்டியவர்; பிறகு பந்திங் பக்கம் வந்து செம்பனைக் குலை அறுத்தவர். இனிப்பு நீர் நோயால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று முதல் மருத்துவமனைக்குப் போவதென்றாலும் முடிவெட்டப் போவதென்றாலும் யாராவது ஒருவர் கையை எதிர்பார்க்க வேண்டும். பெரட்டுக்கு முதல் ஆளாய் நின்ற மனிதருக்கு அது கால் போனதைவிடப் பெரிய வலி.

ஈபிஎஃப் பணத்தில் மிச்சமிருந்ததை எடுத்து ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். சாதாரண மோட்டார் சைக்கிளில் கியர் மாற்ற இடது கால் வேண்டுமே! ஆகையால் கியர் இல்லாத வண்டி. அதன் இடப்பக்கத்தில் மூன்றாவது சக்கரம் ஒன்றையும், ஊன்றுகோலும் சாமானும் வைக்க ஒரு தட்டையும் பொருத்திக் கொடுக்கும் பட்டறை பூச்சோங்கில் இருந்தது. உரிமம், ஜேபிஜே அனுமதி, காப்புறுதி என்று அலைந்த கதையை எழுதினால் இந்த இதழ் போதாது. அதை விடுங்கள்.

மாமாவின் மருமகன் காரில் அழைத்துப் போனார். "வாத்தியாரே, நேரம் இருக்கு. கின்றாரா வழியா போவோமா?" என்றார் மாமா. அவர் பிறந்தது கின்றாரா தோட்டத்தில். 1990களில் தோட்டம் பண்டார் கின்றாரா ஆகிவிட்டது. இன்று அங்கே அடுக்குமாடிகளும் கடைவரிசைகளும்தான். தலைக்கு மேலே எல்ஆர்டி இரயில் ஓடுகிறது. மாமா கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு மேட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த ஏத்தத்துல எனக்கு ஒரு நிரை இருந்துச்சு. மழை பேஞ்சா மங்கெல்லாம் தண்ணி" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

பூச்சோங் என்ற பெயர் கொக்கு இனத்துப் பறவை ஒன்றால் வந்தது என்று சொல்வார்கள். ஈயக் குட்டைகளும் பால்மரக் காடுமாக இருந்த ஊருக்கு அது பொருத்தமான பெயர்தான். 1999இல் டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலை திறந்தபின் அந்த ஊரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கொக்கு நின்ற இடத்தில் இப்போது கார் நிற்கிறது, அதுவும் நெரிசலில்!

பட்டறை பதினாலாம் கட்டைக்குப் பக்கத்தில். வண்டியைத் துடைத்து வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். மாமா அதைச் சுற்றி ஒருமுறை வந்தார். நான் டயரில் காற்று எவ்வளவு என்று கேட்டேன். பட்டறைப் பையன் ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் ஓர் உதை விட்டு, "சுடா கெராஸ், ஓகே" என்றான். கெட்டியாக இருக்கிறதாம். உதைத்துப் பார்த்துக் காற்றளவு சொல்வது, நெற்றியைப் பார்த்துப் பரீட்சை மதிப்பெண் சொல்வது போலத்தான்.

என் சட்டைப்பையில் பேனா அளவில் ஒரு காற்றளவி எப்போதும் இருக்கும். ஆனால் உடனே அளக்கவில்லை. வெயிலில் காய்ந்த டயரும் ஓடி வந்த டயரும் உண்மை பேசா. சூடு பத்து டிகிரி ஏறினால் காற்றழுத்தமும் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ, அதாவது பத்து கிலோபாஸ்கல், ஏறிக் காட்டும். ஆகவே வண்டியை நிழலில் தள்ளி வைத்துவிட்டு, கையெழுத்துக் காகிதங்கள் முடியும்வரை உட்கார்ந்தோம்.

வாத்தியார் சும்மா உட்காருவாரா? மாமாவுக்கு ஒரு கதை சொன்னேன். 1880களில் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்று ஒரு மாட்டு வைத்தியர். அவர் மகனுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. கெட்டி ரப்பர் சக்கரம் கல்பாவிய தெருவில் பையனைக் குலுக்கி எடுத்தது. தகப்பன் மெல்லிய ரப்பரில் குழாய் செய்து, துணி சுற்றி, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதிச் சக்கரத்தில் கட்டினார். 1888இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு முன்பே 1845இல் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே யோசனையைப் பதிவு செய்திருந்ததால், டன்லப்பின் உரிமை பின்னர் செல்லாமல் போனது. ஆனால் டயர் நின்றுவிட்டது. முதலில் சைக்கிள், பிறகு கார் என்று உலகமே ரப்பர் கேட்டது. பத்தாண்டுக்குள் காஜாங் பக்கம் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை ஊன்றிவிட்டார்கள். அதன்பின் நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததே.

மாமா கேட்டுவிட்டு, "அப்போ இந்த மூணு சக்கரத்துலதான் நம்ம பொழப்பே ஆரம்பிச்சிருக்கு" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. "நம்ம பாலுல செஞ்ச ரப்பர் காத்த நல்லா பிடிச்சு வச்சிக்குமா?"

பிடிக்காது என்பதுதான் உண்மை. இயற்கை ரப்பருக்கு வலுவும் சூடு தாங்கும் குணமும் உண்டு. லாரி டயரிலும் ஆகாய விமானத்தின் டயரிலும் அதற்கு இன்றும் பெரிய இடம். ஆனால் காற்று அதன் வழியாக மெல்லக் கசிந்துவிடும். அதனால்தான் உள்டியூபுக்கும், டியூப் இல்லாத டயரின் உள் பூச்சுக்கும் பியூட்டில் இனத்துச் செயற்கை ரப்பர் சேர்க்கிறார்கள். அதுவும் முழுதாக அடைப்பதில்லை. ஆணி குத்தாத நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ போலக் குறையும். கடையில் மாதக்கணக்கில் நின்ற வண்டிக்குப் 'புது வண்டி' என்ற பெயர் காற்றைக் காப்பாற்றாது.

அரை மணி கழித்து அளவியை எடுத்தேன். மாமா கையை நீட்டினார். "நான் பாக்குறேன். நாளைக்கு நீங்களா வருவீங்க?" என்றார். ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு, ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முக்காலியை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்தார். வால்வு மூடியை அந்த விரல்கள் கழற்றிய நிதானம் இருக்கிறதே, பட்டைக்கு நோகாமல் கத்தி பிடித்த கை அல்லவா! முதல் தடவை சரியாக அழுத்தாமல் 'புஸ்' என்றது. இரண்டாம் தடவை முள் நின்றது.

முன் சக்கரம் 150. பின் சக்கரம் 310. மூன்றாவது 110. பையன் மூன்றையும் உதைத்து 'ஓகே' சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஒட்டியிருந்த தாளில் முன்னுக்கு 200, பின்னுக்கு 225 கிலோபாஸ்கல் என்று இருந்தது. பிஎஸ்ஐ கணக்கில் 29, 33. மருமகன் டயரின் பக்கச்சுவரில் இருந்த எண்ணைக் காட்டி, "இதுல கூட போட்டிருக்கே சார்" என்றார். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அடிக்க வேண்டிய அளவு அல்ல. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

சரி, மூன்றாவது சக்கரத்துக்கு எவ்வளவு? ஒட்டுத்தாளில் இல்லை. எப்படி இருக்கும்? வண்டி செய்த கம்பெனி இரண்டு சக்கரத்தைத்தானே அறியும்? மூன்றாவதைப் பற்ற வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். முதலாளி "சாமா லா" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. குனிந்து பார்த்தால் அந்த டயரின் பக்கத்தில் 1018 என்ற நான்கு எண். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2018ஆம் ஆண்டு பத்தாம் வாரத்தில் செய்த டயர்! வரிசையாக வெடிப்பும் தெரிந்தது.

நான் வாயைத் திறக்கும் முன் மாமாவே பேசினார். குரல் உயரவில்லை. "தவுக்கே, புதுசுக்குத்தானே காசு கொடுத்தேன்?" என்று மலாயில் கேட்டார். முதலாளி முனகினார், வேறு டயர் வந்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த வயதான மெக்கானிக் ஒருவர் எழுந்து வந்து, தட்டைக் கையால் அழுத்திப் பார்த்து, "ஆள் பாரம் இதில் இல்லை. 175 போதும். தட்டில் கனமாக ஏற்றினால் கொஞ்சம் கூட்டு" என்று சொல்லி, இரும்புச் சட்டத்தில் அந்த எண்ணை எழுதியும் கொடுத்தார். இது அந்த வண்டிக்கு, அந்தப் பாரத்துக்குச் சொன்ன கணக்கு. உங்கள் வண்டிக்கு, அதைப் பொருத்தியவரைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு சக்கர வண்டியில் காற்று குறைந்தால் ஓட்டம் கனக்கும், வளைவில் நெளியும். மூன்று சக்கரத்தில் இன்னொன்றும் சேரும். இடப்பக்கச் சக்கரம் தொய்ந்திருந்தால் வண்டி ஓயாமல் இடப்பக்கம் இழுக்கும். கைப்பிடியை எதிர்த்துப் பிடித்தே தோள் நோகும். போதாதற்கு இது சாய்ந்து திரும்பாத வண்டி. இடது பக்கம் வேகமாகத் திருப்பினால் அந்தச் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் மாமா பத்துச் சுற்று ஓட்டிப் பழகினார். நாலாவது சுற்றில் ஒருமுறை எழும்பியது. எனக்கு வயிறு கலங்கியது. அவர் சிரித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார்.

புலாவ் மெரந்தி தாண்டி டிங்கில் சாலையில் அவர் முன்னே, நாங்கள் பின்னே. லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது அந்தக் காற்றில் அவர் சட்டை படபடக்கும். வண்டி மட்டும் கோடு போட்டதுபோல் நேராகப் போனது. மருமகன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

டிங்கிலில் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் மாமா தாமாகவே நிறுத்தினார். நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் ஊன்றுகோலை எடுத்து நின்றுவிட்டார். குனிந்து, புறங்கையால் ஒவ்வொரு டயரையும் தொட்டார். காற்றுக் குறைந்த டயர் மற்றதைவிடச் சூடாகும் என்று காலையில் நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னது அவர் மனத்தில் நின்றிருக்கிறது.

"மூணும் ஒரே சூடுதான், வாத்தியாரே" என்றார். "தேத்தண்ணி சொல்லுங்க. எனக்கு கோசோங்."