கொசஸ்தலையாற்றுச் சரளைப் பாதையிலே

யாத்திரை என்றாலே உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் குற்றாலத்தையும் நினைப்பது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சென்னைக்கு வடமேற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டர் தூரத்தில் ஓர் அழகான ஆற்றுவெளியும், அதையொட்டி ஒரு காடும், அந்தக் காட்டோரத்தில் மனித குலத்தின் மிகப் பழைய பட்டறைகளுள் ஒன்றும் இருக்கின்றன என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. "அது திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கமல்லவா? அங்கே புகைபோக்கிகள்தானே உண்டு?" என்று கேட்கிறார்கள். புகைபோக்கிகள் இருப்பது மெய்தான்; அவற்றினிடமும் கடைசியில் வந்து சேருவோம். ஆனால் அவற்றை அடையுமுன் பார்க்க வேண்டியவை நிரம்ப இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்குத் தகுந்த வாகனம் சைக்கிள்தான் என்பது நமது துணிபு.

தார் ரோட்டை விட்டு விலகிச் சரளைப் பாதைகளைத் தேடிச் சைக்கிள் விடுவது இப்போது மேல்நாடுகளில் ஒரு பெரிய மோகமாக இருக்கிறது. அமெரிக்காவில் கான்ஸாஸ் ராஜ்யத்தைச் சேர்ந்த எம்போரியா என்ற சிற்றூரில் 2006-ஆம் வருஷத்தில் தொடங்கிய சரளைப் பந்தயத்தின் தூரம் 200 மைல். 2022-இல் இத்தாலி தேசத்தில் இதற்கென்றே உலகப் போட்டி நடந்தது. இதற்கென்று தனிச் சைக்கிள்களும் தயாராகின்றன. அவற்றில் உள்ள பெரிய ரகசியம் டயர்தான். டயர் அகலமாயிருக்கும், காற்று சற்றுக் குறைவாயிருக்கும். காற்றைக் கல் போல் அடைத்துவிட்டால் ஒவ்வொரு கூழாங்கல்லும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். இளகின டயரோ, கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மேலே உருண்டு போய்விடும்.

இந்த ரகசியத்தை நமது கிராமத்துப் பால்காரர்களும், புல்லுக்கட்டு ஏற்றிச் செல்கிறவர்களும் பல்லாண்டுகளாக அறிவார்கள். அவர்கள் அதற்குப் பந்தயம் என்று பெயர் சூட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரிலே வண்டிகளைச் செய்து தேசமெங்கும் அனுப்பியது. ஆகவே இந்தப் பிரதேசத்துக்குச் சைக்கிள் அந்நியமான வஸ்து அல்ல.

தை மாதமே இந்தப் பிரயாணத்துக்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகளில் ஜலம் நிற்கும். வெயிலும் முரட்டுத்தனம் செய்யாது. சித்திரையில் இந்தச் செம்மண் பூமியில் சைக்கிள் விட நினைக்கிறவர்கள் உடனே வைத்தியரைக் கலந்து ஆலோசிப்பது நலம்.

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் புறப்பட்டோம். நோய் கரைய வேண்டுமென்று பக்தர்கள் வெல்லத்தைத் திருக்குளத்தில் கரைக்கிற ஸ்தலம் இது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ரயிலடியின் சந்தடி ஓய்ந்ததும் இரு மருங்கும் நெல் வயல்கள் வருகின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் பூண்டி.

பூண்டி நீர்த்தேக்கத்தின் கரைமேல் நின்று பார்க்கிறவர்களுக்கு, எதிரே மலைக்குன்றுகளின் நீல நிறமும், கீழே கொசஸ்தலையாற்றின் தேங்கிய நீர்ப்பரப்பும் மனத்தைக் கவர்ந்துவிடும். இந்தத் தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். தீரர் சத்தியமூர்த்தி சென்னை நகரத்தின் மேயராக இருந்தபோது, குடிதண்ணீருக்குத் தவித்த பட்டணத்துக்காக விடாப்பிடியாக வாதாடி இதற்கு வழி செய்தார். 1940-இல் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. 1942-ஆம் வருஷத்துப் போராட்டத்தில் அவர் சிறை புகுந்தார். உடல் நலிந்து 1943 மார்ச் மாதத்தில் காலமானார். 1944-இல் அணை திறக்கப்பட்டபோது, அதைப் பார்க்க அவர் இல்லை. இன்று சென்னையில் குழாயைத் திருகுகிற லட்சோப லட்சம் பேரில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

தண்ணீருக்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவர் மாத்திரம் அல்ல. இந்தத் தேக்கத்தின் அடியிலே திருவெண்பாக்கம் என்ற பழைய ஊர் இருக்கிறது. கண்ணிழந்து வந்த சுந்தரமூர்த்தி நாயனாருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்தருளிய ஸ்தலம் அது. அணைக்காக ஊர் முழுகவேண்டி வந்ததால், ஊன்றீஸ்வரர் கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து பூண்டியில் மீண்டும் எழுப்பினார்கள். சுவாமி இடம் பெயர்ந்தார், குடிகளும் பெயர்ந்தார்கள். பட்டணம் தாகம் தீர்ந்தது. இந்தக் கணக்கை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

பூண்டியைத் தாண்டியதும் தார் ரோட்டை விட்டுக் கிளை வழியில் திரும்பினோம். சக்கரத்தின் அடியில் "கறகற" என்று ஒரு சப்தம் தொடங்கிற்று. செந்நிறச் சரளை! நெல்லிக்காய் அளவிலும் தேங்காய் அளவிலும் வழவழப்பான கூழாங்கற்கள் செம்மண்ணில் பதிந்து கிடக்கின்றன. எந்தக் காலத்திலோ ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து போட்ட கற்கள் இவை. காடு என்றதும் வானளாவும் மரங்களை எதிர்பார்க்கலாகாது. களாவும் காரையும் சூரையும் அடர்ந்த புதர்க்காடு இது. நடுவே ஆவாரம்பூ பொன்னாக இறைந்து கிடந்தது. எங்கோ ஒரு மயில் அகவியது. அந்த இன்பத்திலே மெய்ம்மறந்திருந்த சமயத்தில் சீமைக் கருவேல முள் ஒன்று நமது பின் டயரைப் பதம் பார்த்தது. வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தோம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி அருகில் வந்தார்.

"கல்லைப் பாக்கவா வந்தீங்க, சாமி?" என்று கேட்டார்.

"ஆமாம் அம்மா. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"வேற எதுக்கு இங்க வராங்க? வரவங்க எல்லாம் குனிஞ்சுகிட்டேதான் நடக்கிறாங்க!"

மூதாட்டி சொன்னது முற்றிலும் வாஸ்தவம். அதிரம்பாக்கத்தில் குனிந்து நடப்பதுதான் மரியாதை. 1863-ஆம் வருஷம் மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, பல்லாவரத்தில் கையால் செதுக்கிய ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் அவருடைய சகாவான வில்லியம் கிங்கும் இந்த அதிரம்பாக்கத்துக்கு வந்தார்கள். நாம் சைக்கிள் விட்டு வந்த இதே சரளையின் நடுவே, ஆதி மனிதன் செதுக்கிய ஆயுதங்கள் கிடக்கக் கண்டார்கள். பாரத தேசத்துக்குப் பழைய கற்காலம் என்று ஒன்று உண்டு என்பதே உலகத்துக்கு அந்த வருஷத்தில்தான் தெரிந்தது.

அந்தக் கற்கோடரிகளின் வயது என்ன? நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்கள் இந்தக் கேள்விக்குத் திட்டமான விடை கிடைக்கவில்லை. சாந்தி பப்பு அம்மையாரும் குமார் அகிலேஷும், சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் 1999 முதல் இங்கே பொறுமையாக அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் பதிக்கும் நுண்ணிய மாறுதல்களை அளந்தும், மண்ணில் உறைந்திருக்கும் பூமியின் காந்தத் திசையைச் சோதித்தும், இங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-இல் வெளியிட்டார்கள். 2018-இல் மற்றொரு முடிவு வந்தது. பெரிய கோடரிகளை விட்டு, சிறிய நுட்பமான கருவிகளைச் செய்யும் முறை இங்கே ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது அது. அத்தகைய முறை இந்தியாவுக்கு மிகப் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தது என்று எண்ணியிருந்த பண்டிதர்கள் தங்கள் கணக்கைத் திருத்தி யோசிக்க நேர்ந்தது.

இங்கிருந்து அல்லிக்குழி மலைக் காட்டுக்குள் குடியம் குகைகளுக்குப் போகலாம். வண்டியை ஓரளவுக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் செல்லவேண்டும். கூழாங்கற்கள் சிமெண்டு போட்டு இறுகினாற்போன்ற பாறை, வில்லாக வளைந்து தலைக்கு மேல் நிற்கிறது. 1960-களில் தொல்பொருள் இலாகாவினர் இங்கே தோண்டிப் பார்த்துக் கற்கருவிகளை எடுத்தார்கள். ஆதி மனிதன் வெயிலுக்கு ஒதுங்கிய நிழலில் நாமும் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். புளியோதரைக்கு அன்றைக்கு இருந்த ருசியை வர்ணிக்க இயலாது.

பிறகு வடக்கே ஊத்துக்கோட்டை. 1983-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, ஆந்திர தேசத்துக் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நதி ஜலம் இந்த ஊரின் அருகே தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து பூண்டிக்கு ஓடுகிறது. ஊரை ஒட்டி ஓடுவது ஆரணியாறு. அதன் போக்கிலேயே வேப்பஞ்சேலைப் பிரார்த்தனைக்குப் பேர்போன பெரியபாளையம் பவானியம்மன் சந்நிதிக்குப் போய், அங்கிருந்து கிழக்கே கல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தால் கும்மிடிப்பூண்டி. ஆறு பழவேற்காட்டு ஏரியை நாடிப் போய்விடுகிறது. நாம் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்கிறோம்.

இரும்பு உருக்கும் ஆலைகளும், இன்னும் பலவகைத் தொழிற்சாலைகளும் இங்கே வரிசையாக நிற்கின்றன. தொழிற்சாலைகளைக் கண்டு முகம் சுளிப்பது நமது நோக்கமன்று. சுதந்திர தேசத்துக்கு எஃகும் இயந்திரமும் வேண்டும். வாலிபர்களுக்கு வேலை வேண்டும். ஆனால் வழியெல்லாம் நம்மை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போன லாரிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவற்றில் ஏற்றியிருந்தது என்ன? சவுடு மண்ணும் சரளையும்! ரோட்டுக்கு அடித்தளம் போடவும், மனைகளை மேடாக்கவும், கட்டடங்களுக்கு அஸ்திவாரம் நிரப்பவும் இந்த ஜில்லாவின் மண் வெட்டப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது.

சாதாரணச் சரளை போனால் பெரிய நஷ்டமில்லை என்று தோன்றலாம். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் சரளை சாதாரணச் சரளையா? புஸ்தகத்தில் ஏடுகள் வரிசையாக இருந்தால்தான் கதை புரியும். கலைத்துப் போட்டால் புரியாது. மண்ணடுக்குகளும் அப்படித்தான். எந்தக் கல் எந்த அடுக்கில் எதனருகே கிடந்தது என்பதைக் கொண்டே 15 லட்சம் வருஷக் கணக்குச் சொல்ல முடிந்தது. லாரியில் ஏறி இறங்கிய கற்கோடரி வெறுங்கல்தான்.

பூண்டிக் கணக்கை இப்போது எடுத்துப் பார்ப்போம். பட்டணத்தின் தாகத்துக்கு இந்தப் பிரதேசம் ஓர் ஊரையே முழுகக் கொடுத்தது. பட்டணத்தின் வீடுகளுக்கு மண்ணையும் கொடுக்கிறது. பதிலாகப் பட்டணவாசிகளாகிய நாம் என்ன கொடுத்தோம்? எந்த நிலத்தில் வெட்டலாம், எந்த நிலத்தில் வெட்டலாகாது என்று வரையறுத்து, பழைய கருவிகள் கிடக்கும் மேடுகளைக் கண்டிப்பாகக் காப்பாற்றும்படி கேட்கவாவது வேண்டாமா? தாம் கேட்டறியாத ஓர் இடத்துக்காக ஜனங்கள் குரல் கொடுக்கமாட்டார்கள். ஆகையால் முதலில் போய்ப் பார்ப்பதே கடமை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் பூண்டியில் ராஜாங்கத் தொல்லியல் துறையார் வைத்திருக்கும் காட்சிசாலையைப் பார்த்துக்கொண்டால், எது கருவி, எது வெறுங்கல் என்று கண் பழகும். குடியம் காட்டுக்குள் போகுமுன் வனத்துறையாரிடம் அனுமதி பெறவேண்டும். தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒட்டுப்போடும் சாமானையும் காற்றடிக்கும் பம்பையும் மறக்கலாகாது. திரும்பிவரக் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் புறநகர் ரயில்கள் ஓடுகின்றன. குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் அழகான கல் ஒன்றைக் கண்டெடுத்தால், கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதி மனிதனின் கட்டை விரல் அழுந்திய இடம் இதுவாக இருக்கலாம் என்று காட்டுங்கள். பார்த்து முடிந்ததும், எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.