நாலு காலணா, இரண்டு நிறம்

நாலு செப்புக் காசுகளுக்காகத் தம்பி ஏழு ஆண்டுகள் அண்ணனைச் சந்தேகித்தார். புனே நகரின் பழைய பேட்டை ஒன்றில் நடந்த கதை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பா விட்டுச்சென்ற காசுகள் அவை. நான்குமே 1835 என்று ஆண்டு பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனி காலணாக்கள். ஒரு பக்கம் கொடி பிடித்த இரு சிங்கங்களுடன் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் இலை வளையத்துக்குள் மதிப்பு. இப்படி 64 காசுகள் சேர்ந்தால் ஒரு ரூபாய். ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை என்பதால், தேய்ந்த காசுக்கு இன்றும் பெரிய விலை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா இரண்டு மகன்களையும் பக்கத்தில் உட்காரவைத்து அவற்றைக் கையில் கொடுப்பார். தம்பியின் நினைவில் நான்கும் இருபக்கமும் ஒரே பழுப்பு.

அப்பா காலமானபின் மரப்பெட்டி அண்ணன் வீட்டு அலமாரிக்குப் போனது. பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு தீபாவளியன்று அண்ணன் அதைத் திறந்து, ஒரு காசை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு இருந்தபடியே வைத்தார். தம்பி திடுக்கிட்டார். மதிப்பு இருந்த பக்கம் செம்பழுப்பு. சிங்கங்கள் இருந்த பக்கம் ஏறக்குறைய கறுப்பு. காசை மாற்றிவிட்டாரா? புளி போட்டு ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தாரா? மராத்தியர் வழக்கப்படி 'தாதா' என்று அழைத்து வளர்ந்த அண்ணனிடம் இதை எப்படிக் கேட்பது?

இத்தனைக்கும் தம்பி முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் பாடம் நடத்தியவர்.

சென்ற மழைக்காலத்தில் அண்ணன் வீட்டுக் கூரை ஒழுகியது. சாமான்களை ஒதுக்கி வைக்க வந்த தம்பியின் கையில் அந்தப் பெட்டி சிக்கியது. திறந்தார். பெட்டியின் அடியில் பழைய கம்பளி மஃப்ளர் துண்டு ஒன்று. அதன்மேல் நான்கு காசுகள். மூன்றில் மதிப்பு மேலே தெரிந்தது, ஒன்றில் சிங்கங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினார். முதல் மூன்றிலும் சிங்கங்கள் கறுப்பு. நான்காவதில் சிங்கங்கள் பழுப்பு, மதிப்புதான் கறுப்பு. எந்தப் பக்கம் கம்பளியைத் தொட்டதோ, அந்தப் பக்கம் கறுத்திருந்தது.

ஆசிரியருக்கு மறந்துபோன பாடம் நினைவுக்கு வந்தது. செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்தால் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது; அதன் நிறம் செம்பழுப்பு. கந்தகத்துடன் சேர்ந்தால் உண்டாகும் சல்பைடு கறுப்பு. கம்பளி ஆட்டின் ரோமம். நம் தலைமுடியைப் போல அதிலும் கந்தகம் உண்டு. நாள்பட அது துளித்துளியாக வெளியேறுகிறது. மழைக்கால ஈரம் அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. மேல்பக்கத்துக்குப் பெட்டிக்குள் இருந்த காற்று, கீழ்ப்பக்கத்துக்குக் கம்பளி. ஒரே காசுக்கு இரண்டு சூழல்கள், இரண்டு நிறங்கள்.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். தேய்த்திருந்தால் எழுத்துகளின் மேடுகள் பளிச்சென்று இளஞ்சிவப்பாகவும், இடுக்குகள் இருண்டும் இருக்கும். இங்கோ இலை வளையத்தின் நரம்புகளுக்கிடையிலும் அதே பழுப்பு. யாரும் தேய்க்கவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. அப்பா இருந்தவரை காசுகள் ஒரே நிறமாக இருந்ததற்குக் காரணம், அவை வாரந்தோறும் கைமாறியதுதான். எடுத்து, உருட்டி, எப்படியோ திருப்பி வைக்கும்போது இருபக்கமும் மாறிமாறிக் காற்றையும் கம்பளியையும் பார்த்தன. ஒரு பக்கம் மட்டும் கறுக்க வேண்டுமென்றால் காசு ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்திருக்க வேண்டும். கறுப்பு சொன்ன சாட்சி, அவர் சந்தேகித்ததற்கு நேர் எதிரானது.

"தாதா, இந்தப் பெட்டியை நீங்கள் திறக்கவே இல்லையா?"

"அந்தத் தீபாவளிக்கு ஒரு தடவை. மற்றபடி அப்பா வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்" என்றார் அண்ணன். "ஒன்று மட்டும் புரண்டு கிடக்கிறதே, கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பா எடுத்துப் பார்த்தது அதுதான். கை நடுங்கியது. அப்படியே போட்டுவிட்டார்."

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஏழு ஆண்டுகளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார். அண்ணன் கோபப்படவில்லை. "அன்றைக்கே கேட்டிருக்கலாமே" என்றார்.

கம்பளி அகற்றப்பட்டது. அமிலம் கலக்காத தாளில் உறை செய்து, ஒவ்வொரு காசையும் தனித்தனியே வைத்தார்கள். பி.வி.சி. உறை வேண்டாம் என்றார் தம்பி. நாளடைவில் அதிலிருந்து கசியும் அமிலம் செம்பில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். கறுப்பைப் போக்கிவிடலாமா என்று வீட்டிலிருந்தவர்கள் கேட்டார்கள். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

காசுகள் ஆளுக்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டன. புரண்டு கிடந்த காசைத் தம்பியின் கையில் வைத்தார் அண்ணன்.