முதுகைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்

பெண்பிள்ளைக்குப் பத்து வயதானதும் தானே குளிக்கத் தொடங்கிவிடுகிறாள். அதன்பிறகு அவள் முதுகை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்த வயதில்தான். பிள்ளை மளமளவென்று உயரும்போது வளைவும் சேர்ந்து வளரும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால் பிள்ளையும் சொல்லமாட்டாள். மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்று சொல்லும் இந்த வளைவோடு வளர்ந்தவள் நான்.

எங்கள் வீடு மலைமேல் உள்ள கம்போங் ராஜாவில். சுற்றிலும் தேயிலையும் காய்கறித் தோட்டங்களும். குளிருக்குப் பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றுவதே இல்லை. இடைநிலைப் பள்ளிக்குப் போனால் தொளதொளவென்று பாஜு குரோங். இத்தனைக்கும் உள்ளே முதுகு எப்படி இருக்கிறதென்று எனக்கே தெரியாது. படிவம் ஒன்றில் இருந்தபோது, தீபாவளி ரவிக்கைக்கு அளவெடுத்த தையல்கார அக்காதான் கண்டுபிடித்தார். "வலது தோள் தூக்கலா இருக்குக்கா. இடுப்பும் ஒரு பக்கம் உள்வாங்கிப் போகுது. கிளினிக்ல காட்டுங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புத்தகப் பை என்றார் மாமா. தம்பியை எப்போதும் இடுப்பில் தூக்கி வைத்திருந்ததால் என்றார் அத்தை. காலமெல்லாம் கொழுந்துக்கூடை சுமந்த பாட்டி, தன் பாரம்தான் பேத்தி முதுகில் இறங்கிவிட்டது என்று அழுதார். சுளுக்கு எடுப்பவரிடம் போய் உருவிவிட்டால் நிமிர்ந்துவிடும் என்றும் சிலர் சொன்னார்கள். அம்மா யாருக்கும் பதில் சொல்லாமல் என்னைக் கிளினிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே செய்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. கால்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல், இரு கைகளையும் தொங்கவிட்டுக் குனியச் சொன்னார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865இல் விளக்கிய முறை இது. இந்த நோயில் முதுகெலும்பு வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அதனால் ஒரு பக்க விலா எலும்புகள் பின்னால் தள்ளப்படுகின்றன. நிமிர்ந்து நிற்கும்போது தெரியாத அந்த மேடு குனிந்தால் தெரிந்துவிடும்.

சிம்பாங் பூலாய் மலைச்சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கி எக்ஸ்ரே எடுத்தோம். வளைவு 28 பாகை. இதை அளக்க அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் வெளியிட்ட முறைதான் இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். வளரும் பிள்ளைக்கு 25 பாகைவரை பொதுவாக அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனித்தால் போதும். 25 முதல் 40 வரை பிரேஸ் போடுவார்கள். 45, 50 பாகையைத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

அந்த மருத்துவர் அம்மாவிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "இது யார் குற்றமும் இல்லைம்மா. பையும் காரணமில்லை, உட்காரும் முறையும் காரணமில்லை." பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் காரணம் இன்னதென்று தெரிவதில்லை. சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது, அவ்வளவுதான். உருவிவிடுவதால் வளைந்து முறுகிய எலும்பு நேராகாது என்பதையும் அவரே சொன்னார். அன்றோடு எங்கள் வீட்டில் அழுகை நின்றது.

எனக்கும் பிரேஸ் போட்டார்கள். அது உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான பிளாஸ்டிக் கவசம். உள்ளே மடிப்பில்லாத பருத்திப் பனியன் போட வேண்டும். இல்லையென்றால் தோல் புண்ணாகும். எங்கள் மலைக்குளிரில் தாங்கிக்கொள்ளலாம். ஈப்போவுக்கு இறங்கினால் வியர்வையில் நனைந்துவிடுவேன். இரவில் கழற்றிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். அம்மா அசையவில்லை. அவர் செய்தது எவ்வளவு சரி என்பதற்குப் பின்னால் சான்றே கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையை எட்டவில்லை. அணியாதவர்களில் அது 48 விழுக்காடுதான். நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமாவது அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பித்தார்கள். பிரேஸ் ஏற்கெனவே இருக்கும் வளைவை நேராக்குவதில்லை, கூடாமல் தடுக்கிறது. என் வளைவும் முப்பதை ஒட்டி நின்றுவிட்டது.

"வெளியே சொல்லாதீங்க, நாளைக்கு மாப்பிள்ளை வர மாட்டான்" என்றவர்களும் உண்டு. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகளும் பிறந்தார்கள். வளைவு உள்ள பெண்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே கருவுற்றுப் பிள்ளை பெறுகிறார்கள். உலகிலேயே வேகமாக ஓடிய உசைன் போல்ட்டுக்கும் இந்த வளைவு உண்டு. மறைத்து வைப்பதால் சிகிச்சைக்குரிய காலம்தான் கழிகிறது.

வளர்ச்சி நின்றபின் பிரேஸ் போட்டுப் பயனில்லை. ஆகவே தாய்மார்களே, பத்து முதல் பதினான்கு வயதுவரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது பிள்ளையைக் குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள். ஆண்பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். தோள்கள் சமமாக இருக்கின்றனவா, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துகிறதா, இடுப்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் வளைகின்றனவா, குனிந்தால் ஒரு பக்கம் மேடு தெரிகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் பள்ளி விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே கிளினிக்கில் காட்டுங்கள்.