ஓவர் கணக்கு

முதுகுவலி எங்கள் வீட்டில் பெரியவர்களின் சொத்து. மாமியாருக்கு முப்பது வருஷமாக உண்டு. கணவருக்கு ஸ்கூட்டர் ஓட்டியதில் வந்தது. எனக்குக் கூட்டுறவு வங்கியின் மர நாற்காலி கொடுத்தது. இந்த வரிசையில் பதினாலு வயசுப் பையன் ஒருவன் வந்து நிற்பான் என்று யார் நினைப்பார்கள்? அவனும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, அவன் குனியாமல் ஜன்னல் திட்டில் காலைத் தூக்கி வைத்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து, துவைப்பதற்கு அழுக்குத் துணியை எடுக்கும்போது, கிட் பேகின் பக்கப் பையில் வலி ஸ்ப்ரே டப்பா இரண்டு கிடந்தது. ஒன்று முழுக்கக் காலி.

"எப்பலேர்ந்துடா?"

"பவுலிங் போட்டா மட்டும்தாம்மா. லெஃப்ட் சைடுல மட்டும். பேட்டிங்ல ஒண்ணும் இல்ல."

"எப்பலேர்ந்துன்னு கேட்டேன்."

"பொங்கலுக்கு முன்னாடி."

அப்போது மார்ச் மாதம் பாதி போயிருந்தது.

அவன் வலதுகை வேகப்பந்து வீச்சாளன். வலது கையால் வீசுகிறவனுக்கு இடது பக்கம் ஏன் வலிக்கவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. டாக்டர் அதைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது பக்கம் என்ற ஒரு வார்த்தைதான் அவருக்கு வேண்டியிருந்தது போல. வலதுகைப் பவுலர் பந்தை விடுகிற நேரத்தில் இடதுகால் தரையில் ஊன்றி நிற்கும். உடம்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, அதே நொடியில் திருகவும் செய்யும். இந்த மூன்றும் சேர்ந்து கீழ்முதுகின் கடைசி இரண்டு எலும்புகளில், இடது பக்கம் உள்ள மெல்லிய பாலம் போன்ற பகுதியை நசுக்கும். எல் 4, எல் 5 என்று படத்தில் குறித்துக் காட்டினார்.

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்பது கீழே விழுந்து கை உடைகிற மாதிரி இல்லை. கம்பி ஒன்றை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு இடத்தில் சூடாகி, பிறகு அறுந்துபோகுமே, அந்த மாதிரி. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்தானே" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன்கள் நிறையப் பேர் என்றார். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எங்கள் பையனுக்கு எல் 5இன் இடது பக்கம் தெளிவாகத் தெரிந்தது: எலும்புக்குள் நீர் கோத்து, கீறல் விழ ஆரம்பித்திருந்தது. வலது பக்கம் நன்றாக இருந்தது. அதுவும் விட்டுப்போனால் எலும்பு முன்னால் நழுவும் வாய்ப்பு உண்டு என்றார். எனக்குக் கை சில்லிட்டுப்போனது. பையன் கேட்டது ஒரே கேள்வி. "டாக்டர், ட்ரயல்ஸுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள சரியாயிடுமா?"

நாலிலிருந்து ஆறு மாதம் பந்தைத் தொடக்கூடாது என்பதுதான் பதில்.

அன்று ராத்திரி நான் ஒரு பழைய டைரியை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் தொழிலே கணக்குச் சரிபார்ப்பதுதான். செவ்வாய் முதல் வெள்ளி வரை நாலு நாள் நெட்ஸ், ஒரு நாளைக்கு அறுபது பந்து என்று குறைத்தே வைத்துக்கொண்டேன்: 240. பள்ளி மேட்ச் ஒன்று, ஆறு ஓவர்: 36. சனிக்கிழமை அகாடமி மேட்ச் எட்டு ஓவர், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு எட்டு ஓவர்: 96. மொத்தம் 372. தெருவில் டென்னிஸ் பந்தில் போட்டது இதில் சேரவில்லை. வேகமாக ஓடிவந்து முன்னங்காலை ஊன்றும்போது, உடம்பு எடையைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது என்று விளையாட்டு மருத்துவத்தில் அளந்து வைத்திருக்கிறார்கள். பையன் எடை 48 கிலோ. குறைந்தபட்சக் கணக்கிலேயே ஒரு பந்துக்கு 240 கிலோ. நெட்ஸில் எல்லாப் பந்தும் முழு வேகத்தில் போடுவதில்லை, தள்ளுபடி கொடுக்கலாம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்தத் தொகை எனக்குச் செரிக்கவில்லை.

இதில் கவனிக்கவேண்டியது, அந்த 372ஐ யாரும் மொத்தமாகப் பார்த்ததில்லை. பள்ளி பி.டி. சாருக்குத் தெரிந்தது 36. அகாடமி கோச்சுக்குத் தெரிந்தது நெட்ஸும் சனிக்கிழமையும். ஞாயிற்றுக்கிழமை டீம் கேப்டனுக்கு, வாரம் முழுக்க ஓய்வெடுத்துவிட்டுப் புத்துணர்ச்சியோடு வரும் பையன் அவன். ஒவ்வொருவரும் அவரவர் கணக்கில் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். கூட்டிப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று, அது பையனின் முதுகு.

கோச் சார் கெட்டவர் இல்லை. மழை பெய்தால் பையன்களைத் தன் வண்டியில் ஏற்றி வீடு வீடாக இறக்கிவிடும் ஆள். ஆனால் ரிப்போர்ட்டைக் காட்டியபோது அவர் சொன்னது இது: "மேடம், இப்பல்லாம் ஸ்கேன் எடுத்தா எல்லாருக்கும் ஏதாவது தெரியும். கபில்தேவ் எத்தனை டெஸ்ட் ஆடினார் தெரியுமா? காயம்னு ஒரு மேட்ச் விட்டதில்ல."

கபில்தேவ் ஆடியது 131 டெஸ்ட். காயத்துக்காக ஒன்றைக்கூட விடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அவர் ஒருவர். அதே காலத்தில் ஹரியானாவிலோ தமிழ்நாட்டிலோ பதினைந்து வயதில் முதுகு விட்டுப்போய், ஆட்டத்தை மூட்டை கட்டிவிட்டு மளிகைக் கடையில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் பட்டியல் வைத்திருக்கிறார்கள்? வராக்கடனைக் காட்டாமல் லாபத்தை மட்டும் காட்டும் ஐந்தொகை அது. எங்கள் வங்கியில் அப்படி ஒன்றை யாராவது கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கபிலுக்குப் பதிலாக டென்னிஸ் லில்லியைச் சொல்லியிருக்கலாம். அதுவும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு. 1973இல் மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணத்தில் லில்லியின் கீழ்முதுகில் இதே ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 23 வயது. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டுப் பல வாரம் வைத்திருந்தார்கள். பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் பைக் என்ற உடற்பயிற்சி அறிஞரிடம் உடம்பை முதலிலிருந்து கட்டி எழுப்பி, பந்துவீச்சையும் திருத்திக்கொண்டு, 1974-75 ஆஷஸில் திரும்ப வந்தார். மொத்தம் 355 டெஸ்ட் விக்கெட். அந்த மனிதரைத்தான் 1987இல் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் சென்னைக்கு அழைத்தது. இருபத்தைந்து வருஷம் இங்கே வந்து போய்க்கொண்டிருந்தார். முதுகு உடைந்து திரும்பி வந்தவரே வந்து வேகப்பந்து வீச்சைச் சொல்லிக்கொடுத்த ஊர் இது. இடுப்பு ஒரு திசையும் தோள் இன்னொரு திசையும் பார்க்கும் கலப்பு ஆக்‌ஷன்தான் முதுகுக்கு எமன் என்பது இங்கே நாற்பது வருஷமாகத் தெரிந்த சங்கதி. சேத்துப்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். அந்தச் சங்கதி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இதற்கென்று விதியே வைத்திருக்கிறது. பதினாலு, பதினைந்து வயது வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் ஆறு ஓவருக்கு மேல் போடக்கூடாது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலில் 2007 முதல் இன்னிங்ஸை விட்டுவிட்டு எறியும் பந்துகளையே எண்ணுகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு நாளைக்கு 85 பந்து, அதற்குமேல் மாற்று ஆள். இதையெல்லாம் கணவரிடம் படித்துக் காட்டினேன். "அங்க விதி இருக்கு. இங்க வரிசையில நாப்பது பசங்க நிக்கறாங்க" என்றார்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. எங்கள் அகாடமியில் மட்டும் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒன்பது பேர். மாவட்ட அண்டர் 16 அணியில் இடம் மூன்றோ நாலோ. அங்கே இந்த வருஷம் பெயர் வந்தால்தான் அடுத்த வருஷம் விஜய் மெர்ச்சன்ட் டிராபிக்கான மாநில அணித் தேர்வில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். பதினாறு வயது என்பது கதவு. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். பிறந்த தேதியைத் திருத்துகிறவர்கள் பெருகியதால் வந்த ஏற்பாடு அது. எலும்புக்கு வயது என்ன என்று பார்க்க ஒரு படம் எடுக்கிறோம். அந்த எலும்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க யாரும் எடுப்பதில்லை.

கணவர் கல்லூரிக் காலத்தில் கீழ் டிவிஷன் லீகில் ஆடியவர். வேலை கிடைத்ததும் விட்டுவிட்டார். "நான் விட்டதை அவன் பிடிக்கணும்னு இல்லம்மா. அவன் ஆசைப்படறான்" என்பார். அதுவும் பொய் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையனை யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பெற்றோர் கசக்குகிறார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டிப்போய்விடுகிறார்கள். ஆசை அவனுடையது. வலியை மறைத்தவனும் அவன்தான். ஆனால் வலியைச் சொன்னால் இடம் போய்விடும் என்பதை அவன் யாரிடமிருந்து கற்றுக்கொண்டான்? யாரும் வாய்விட்டுச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். போன வருஷம் தோள்வலி என்று பதினைந்து நாள் வராத ஒரு பையன் திரும்பி வந்தபோது, புதுப் பந்து வேறு ஒருவன் கையில் இருந்தது. அதைப் பார்த்தாலே போதுமே.

ட்ரயல்ஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோச் சார் போன் செய்தார். தெரிந்த இடத்தில் ஒரு ஊசி போட்டால் ஒரு வாரம் வலி தெரியாது, தேர்வை முடித்துவிட்டு அப்புறம் எத்தனை மாசம் வேண்டுமானாலும் ஓய்வு எடுக்கட்டும். நான் முடியாது என்றேன். கணவர், "யோசிச்சு சொல்றோம் சார்" என்றார். மூன்று நாள் வீட்டில் சாப்பாடு, தண்ணீர் தவிர வேறு பேச்சு இல்லை. பையன் என்னோடு அதுகூடப் பேசவில்லை.

நாலாவது நாள் கணவர் என்னிடம் சொல்லாமல் டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று முழுக்கச் சொல்லவில்லை. "எத்தனை வயசு வரைக்கும் ஆடினீங்கன்னு கேட்டார். இருபத்தி நாலுன்னேன். ஊசி போட்டா வலிதான் போகும், கீறல் அங்கேயேதான் இருக்கும், வலிங்கிறது பிரேக் மாதிரி, அதைப் புடுங்கிட்டு வண்டியை இறக்கத்துல விடறீங்களான்னு கேட்டார்." அவ்வளவுதான். ராத்திரி கிட் பேகை எடுத்துப் பரணில் போட்டார். பையன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அவர் பின்னால் போனார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். நான் எதையும் கேட்கவில்லை.

பாட் கம்மின்ஸ் கதையை அவனுக்குச் சொன்னதும் அவர்தான். 2011 நவம்பர், ஜோகன்னஸ்பர்க், பதினெட்டு வயதில் முதல் டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் ஆறு விக்கெட், வெற்றி ரன்னும் அவர் அடித்ததே, ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச், ராஞ்சியில். நடுவில் ஐந்தேகால் வருஷத்துக்கு மேல்; பெரும்பகுதி முதுகு. பையன் கேட்டது: "அவரு மொதல்ல ஒரு மேட்ச் ஆடிட்டாருல்லப்பா? அதனால காத்துக்கிட்டு இருந்தாங்க. என்னைய யாரு காத்துக்கிட்டு இருப்பா?" அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

முதல் இரண்டு மாதம் கொடுமை. வயிறு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி தினம் நாற்பது நிமிஷம். பிசியோ பெண் ரொம்பச் சின்னவள், அவனை "சார்" என்று கூப்பிட்டு வேலை வாங்குவாள். பந்து வீசாத பவுலருக்கு மைதானத்தில் என்ன வேலை என்று அவன் அகாடமி பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் பையன்கள் "தாத்தா" என்று கூப்பிட்டார்களாம். அவன் இல்லாமலே ட்ரயல்ஸ் நடந்து முடிந்தது. அகாடமியிலிருந்து எடுக்கப்பட்டது இவனைவிட ஆறு மாதம் சின்னவனான இடதுகைப் பையன். நல்ல பையன், எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுப் போகிறவன்.

அவன் அம்மாவை மளிகைக் கடையில் பார்த்தேன். வாழ்த்துச் சொன்னேன். கூடவே, வாரத்துக்கு எத்தனை பந்து போடுகிறான் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அவனுக்கு வலி எதுவும் இல்லீங்களே" என்றார். பொறாமையில் பேசுகிறேன் என்று நினைத்திருக்கலாம். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் மேட்ச் பார்க்கப்போகிறேன் என்று இவன் கிளம்பினான். முதல் முறையாக. என் டைரியைக் கேட்டான், கொடுத்தேன். சாயங்காலம் வெயிலில் கறுத்து வந்து, கைகால் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தான்.

"நல்லா போட்டானா?" என்றார் கணவர்.

"சூப்பரா போட்டான்பா. நாலு விக்கெட்." ரசத்தை ஊற்றிக்கொண்டான். "பதினாலு ஓவர்மா. மூணு ஸ்பெல். கடைசி ஸ்பெல்ல ரன்னப் குறைஞ்சிடுச்சு, இடுப்பைப் புடிச்சிக்கிட்டான் ஒரு தடவை." கொஞ்ச நேரம் கழித்து, "நெட்ஸையும் சேர்க்கணும்ல? அவன்கிட்ட கேட்டு எழுதறேன்" என்றான்.