திருவொற்றியூர் வண்டியும் துக்ளகாபாத் சாலையும்

டில்லியில் குடியேறிய தமிழன்பர்களில் கரோல்பாக் கடைவீதியைக் காணாதவர் இரார். மணப்புடைவை, மார்கழிக் குளிருக்குக் கம்பளி, பிள்ளைகளுக்குச் சீருடை என ஏதேனும் ஒன்று நம்மை அங்கே இழுத்துச் செல்லும். அஜ்மல்கான் சாலையின் நெரிசலில் நடந்து, வேண்டியதை வாங்கி, வேண்டாததையும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். அச்சாலையிலிருந்து சிறிது விலகினால் ஹரிசிங் நல்வா தெருவும் நாய்வாலா சந்தும் உள்ளன. பெயரைக் கேட்டுத் தமிழர் நகைக்க வேண்டா. இந்தியில் 'நாயி' என்பது நாவிதரைக் குறிக்கும் சொல். அங்கே புடைவைக்கு இடமில்லை. இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள். முழு வண்டிகள், பாதி வண்டிகள், சக்கரம் மட்டும், பெட்ரோல் தொட்டி மட்டும், கைப்பிடி மட்டும். கசாப்புக் கடையில் ஆட்டைப் பிரித்துத் தொங்கவிடுவது போல வண்டியைப் பிரித்துத் தொங்கவிட்டிருப்பர்.

2013ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நாம் அத்தெருவிற் புகுந்தோம். நம் இருப்பிடம் ராமகிருஷ்ணபுரம். உத்தியோகம் துக்ளகாபாத்தில் சரக்கு எழுத்தர் வேலை. இடைத்தூரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். காலை முறைக்கு 6 மணிக்கே மேசையில் இருக்க வேண்டும். அவ்வேளையில் பஸ்ஸை நம்புவது பனியில் நிழலைத் தேடுவது போலாகும். ஆகவே பழைய வண்டி ஒன்று வாங்குவதெனத் தீர்மானித்தோம். கணக்கு எழுதியே பழகிய கை, இதற்கும் கணக்குப் போட்டது. திங்களுக்கு 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் எனின் 33 லிட்டர். அன்றைய விலையில் ரூ.2,300 ஆகும். பஸ் பாஸ் ரூ.1,000 அளவில் முடிந்துவிடும். கணக்கு பஸ் பக்கமே நின்றது. ஆயினும் கால தாமதத்திற்காக மேலதிகாரி முன் நின்று விளக்கம் கூறுவதற்கு எந்தக் கணக்கிலும் விலை போட இயலவில்லை.

முதற் கடையில் நாம் ஏமாற இருந்தோம். பளபளவென்று கருவண்ணம் பூசிய புல்லட் ஒன்று. ஓர் உதையிலேயே உறுமி எழுந்தது. விலை பேசி முடித்து முன்பணத்தை எடுக்கையில், உடன் வந்த நண்பர் எஞ்சினைத் தொட்டுப் பார்த்து நம் காதில், "இது முன்பே சூடாயிருக்கிறது" என்றார். வாங்குவோர் வருமுன்னரே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைப்பது அங்கே ஒரு தந்திரம். குளிர்ந்த எஞ்சின் தன் நோயை மறைப்பதில்லை. பிறகு பதிவுப் புத்தகத்தை வாங்கி, சட்டத்தின் கழுத்தில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டோம். இறுதி இரண்டு இலக்கங்களின் மீது வண்ணம் தடிப்பாக ஏறியிருந்தது. நகத்தால் சுரண்ட முற்பட்டபோது கடைக்காரர் முகம் மாறிற்று. வணக்கம் கூறி வெளியேறினோம்.

அத்தெருவின் கோடியில் முதிய சர்தார்ஜி ஒருவர் தரையில் அமர்ந்து ஒரு சக்கரத்தின் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். கடையென்று சொல்ல ஒரு தகரக் கூரையே உண்டு. நம் பேச்சிலிருந்து ஊரை அறிந்துகொண்டு, "மதராஸா, பாபுஜி? அப்படியானால் புல்லட் உங்கள் ஊர்ப் பிள்ளை. உங்கள் ஊர்ப் பிள்ளையை வாங்க எங்கள் தெருவுக்கா வந்தீர்கள்?" என்று நகைத்தார்.

அவர் சொன்னது உண்மை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்தது அவ்வண்டி. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ஆங்கிலேயக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு முதல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வண்டிகள் உருவாயின. நம் இராணுவத்திற்கு அது வேண்டியிருந்ததே அதற்கு முதற் காரணம். தாய்நாட்டில் அத்தொழில் 1970ஐ ஒட்டி நின்றுவிட, தியாகேசர் கோயில் கொண்ட கடற்கரையில் அது தொடர்ந்து நடந்தது. இது நமக்குத் தெரியாத செய்தியன்று. ஆயினும் பஞ்சாபி முதியவர் வாயிலிருந்து கேட்டபோது, கூட்டத்தில் எவரோ நம் ஊர்ப் பெயரைச் சொல்லி அழைத்தாற் போலிருந்தது.

ராஜேந்திர நகரில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவரிடம் வண்டி இருப்பதாகச் சர்தார்ஜி கூறி, தாமே உடன் வந்தார். 2004ஆம் ஆண்டு செப்டம்பரில் பதிவான வண்டி. வார்ப்பிரும்பு எஞ்சின், ஒரே சிலிண்டர், 346 சி.சி.; விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் நீளம் 90 மில்லிமீட்டர். அந்நீண்ட நகர்ச்சியினாலேயே அதன் துடிப்பு எண்ணத்தக்கதாய், நிதானமாய் ஒலிக்கிறது. சர்தார்ஜி எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. பக்க மூடியைக் கழற்றி, வால்வைத் தள்ளும் கம்பியை இரு விரலால் உருட்டினார். உருள வேண்டும், ஆனால் மேலுங் கீழும் ஆடலாகாது. உருண்டது, ஆடவில்லை. உதைத்தார், புகைக்குழாயின் முன் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார், நீலப்புகை இல்லை. எஞ்சினடியில் எண்ணெய்க் கசிவு மட்டும் இருந்தது. "கசியாவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்" என்றார். ரூ.42,000க்கு முடிந்தது. தமக்கென்று அவர் ரூ.500 மட்டும் வாங்கிக்கொண்டார்.

இங்கே அன்பர்கட்கு ஒன்று சொல்லவேண்டும். பழைய வண்டியை வாங்குவோர் பலர், விற்பவர் கையொப்பமிட்ட 29ஆம், 30ஆம் படிவங்களை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பெயரை மாற்றாமலே ஓட்டுகின்றனர். விற்றவரும் பணம் வந்ததென்று மறந்துவிடுகிறார். சங்கத்து அன்பர் ஒருவர் அவ்வாறு தம் வண்டியை விற்று ஊருக்கு மாற்றலாகிச் சென்றார். வாங்கியவர் வேறொருவருக்கு விற்றார். அவ்வண்டி ஒருவரை இடித்துவிட, விபத்து வழக்கின் அழைப்பாணை தஞ்சையில் இருந்த நம் அன்பருக்குப் போய்ச் சேர்ந்தது. பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் உளதோ அவரே இழப்பீட்டிற்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிற்று. நாம் மூன்று நாள் விடுப்பெடுத்து அலைந்து பெயரை மாற்றிக்கொண்டோம். காப்பீட்டுப் பத்திரத்தையும் மாற்றிக்கொண்டோம். அம்மூன்று நாளும் வீட்டில் நமக்குக் கிட்டிய மரியாதை சொல்லுந்தரமன்று!

நிற்க. வண்டி வந்துவிட்டதே தவிர, நமக்கு அடங்கவில்லை. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக்கு. மற்ற வண்டிகளுக்கு நேர்மாறு. பொத்தானை அழுத்தினால் புறப்படும் வண்டியன்று அது. உதைகோலை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் இறங்க மறுக்கும். முகப்பு விளக்கின் மேலுள்ள ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்து, இடக்கையால் டிகம்ப்ரஷர் பிடியை இழுத்து, உதைகோலைச் சிறிது தாழ்த்தி, பிடியை விட்டுப் பிறகு முழு எடையோடு உதைத்தல் வேண்டும். முள்ளைப் பாராமல் அவசரப்பட்டு உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும். முதல் வாரத்தில் கணுக்கால் வீங்கி, செருப்போடு ஆபீசுக்குச் சென்றோம்.

பழகிய பின்னர் அவ்வழி நமக்கு உரியதாயிற்று. முனீர்க்காவைக் கடந்து லாடோ சராய் வருகையில் இடத்தே மரங்களும் பின்னே குதுப்மினாரின் உச்சியும் தெரியும். சாகேத், கான்பூர் தாண்டினால் துக்ளகாபாத் கோட்டை. கியாசுதீன் துக்ளக் 1321இல் எழுப்பத் தொடங்கியது; அவன் 1325இல் மாண்டான்; சில ஆண்டுகளிலேயே கோட்டை பாழாயிற்று. இடப்புறம் கோட்டையின் சரிந்த மதில்கள். வலப்புறம் செங்கல் நிறக் கல்லும் வெண்பளிங்கு மாடமுமாக அவன் கல்லறை. முற்காலத்தில் கல்லறையைச் சூழ்ந்து ஏரி இருந்தது. கோட்டையிலிருந்து அங்கே செல்ல ஏரியின் குறுக்கே ஒரு நடைபாதை. ஏரி வற்றியது. அந்நடைபாதையை வெட்டிக்கொண்டே இன்றைய மெஹ்ரோலி - பதர்ப்பூர் சாலை செல்கிறது. மன்னனின் வீட்டுக்கும் கல்லறைக்கும் இடையே நாம் நாள்தோறும் இருமுறை சென்றோம். பெரும்பாலும் நினைவெல்லாம் பெட்ரோல் போதுமா என்பதிலேயே இருக்கும்.

2015 ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை, அங்கேதான் வண்டி நின்றுவிட்டது. மூடுபனி. முன் சக்கரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு லாரியின் சிவப்பு விளக்கைப் பற்றிக்கொண்டே வந்தோம்; அது திரும்பிவிட்டது; எஞ்சின் இருமுறை இருமி அடங்கிற்று. உதைத்தோம், உதைத்தோம், கைகள் விறைத்துவிட்டன. ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேற்பட்ட இரும்பை மதிலோரமாகத் தள்ளிச் சென்றோம். பின்னால் வரும் வண்டி நம்மைக் காணுமா என்பதே அச்சம். வீட்டில் அப்போது மூத்த குழந்தைக்கு ஆறு திங்கள். அன்று காலை அது உறங்கிய கோலம் கண்முன் வந்தது.

மதிலடியில் ஒரு தேநீர் வண்டி. அடுப்பின் வெளிச்சம் மட்டும் மஞ்சளாய்த் தெரிந்தது. தேநீர்க்காரர் ஒன்றும் கேட்கவில்லை. தம் தோளிற் கிடந்த துண்டின் உலர்ந்த முனையை நீட்டி, "பாயின்ட்டைத் துடையுங்கள்" என்றார். அச்சாலையில் மாரிக்காலத்தில் எத்தனை வண்டிகள் அப்படி நின்றனவோ! மூடியைத் திறந்து, தீப்பொறி உண்டாகும் அம்முனைகளின் ஈரத்தைத் துடைத்தோம். ஆம்மீட்டர் முள்ளைத் தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்து உதைத்தோம். எழுந்தது. எங்கோ கிழக்கே சரக்கு வண்டி ஒன்று கூவிற்று. அத்திசையை வைத்தே மெல்லச் சென்றோம். நாற்பது நிமிடம் தாமதம். மேலதிகாரி நம் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கூறாமல் ஹீட்டரை நம் பக்கம் திருப்பினார்.

அந்தப் பனிக்கு இரு திங்கள் முன்னரே, 2014 நவம்பரில், 15 ஆண்டு கடந்த வண்டிகள் டில்லியில் ஓடலாகாதெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டிருந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. தீபாவளியை அடுத்து இந்நகரின் காற்றைச் சுவாசித்தவர் எவரும் அவ்வாணையைக் குறைகூறத் துணியார். நம் குழந்தைக்கும் இருமல் மருந்து வீட்டில் எப்போதும் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே ராமகிருஷ்ணபுரம் வழியாகக் கால்காஜி கோயிலுக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. அங்கே மாறினால் துக்ளகாபாத். விடியற்காலை முறை நீங்கலாக மற்றவற்றிற்கு அதுவே போதும். நமக்கும் வண்டிக்கும் 2019 செப்டம்பர் வரை தவணை.

மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் எடைக்கு விலை சொன்னார்கள். ஊரின் பெயருக்கேற்ற விலை! தம்பி விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்பவன். "அண்ணா, இரும்புக்குப் போடாதே, இங்கே அனுப்பிவிடு" என்றான். 28ஆம் படிவம் எழுதித் தடையின்மைச் சான்று பெற்றோம். அங்கே புதிய வரி கட்டிப் புதிய எண் வாங்குவதும், தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பிப்பதும் அவன் பாடு.

ஆகஸ்டு மாதத்தில் நிஜாமுதீன் நிலையத்திற்கு வண்டியைக் கடைசியாக ஓட்டிச் சென்றோம். பெட்ரோலைச் சொட்டின்றி வடித்தோம். சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டினர். மதிப்பை அறிவித்து, பதிவுப் புத்தகத்தின் நகலைக் கொடுத்து, பார்சல் ரசீது பெற்றோம். பிறர் சரக்குக்கு ஆண்டுக்கணக்கில் சீட்டு எழுதிய கைக்கு, அனுப்புநர் என்னுமிடத்தில் தன் பெயரை எழுத ஒரு கணம் தயக்கம். அட்டையில் 'நிஜாமுதீன் - விழுப்புரம்' என்று தடித்த எழுத்தில் எழுதிக் கைப்பிடியிற் கட்டினோம். திருக்குறள் விரைவு வண்டியில் ஏற்றுவதாகச் சொன்னார்கள்.

அவ்வண்டி துக்ளகாபாத் வழியே செல்வது, நிற்பதில்லை. மறுநாள் வேலையினிடையே நடைமேடையின் கோடிக்குச் சென்று நின்றோம். இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள் தடதடவெனக் கடந்தன. பார்சல் பெட்டியின் கதவு மூடியிருந்தது. உடன் நின்ற போர்ட்டர், "யாரையேனும் வழியனுப்ப வந்தீர்களா, பாபுஜி?" என்றார். சரக்கு என்றோம்.

ஐந்தாம் நாள் இரவு தம்பி தொலைபேசியில் அழைத்தான். வண்டி வந்துவிட்டது, இடது கண்ணாடி மட்டும் உடைந்திருக்கிறது, பெட்ரோல் ஊற்றி உதைத்துப் பார்த்தானாம்.

"அண்ணா, திருப்பி உதைத்துவிட்டது. கணுக்கால் வீங்கிவிட்டது."

"முள் நடுவில் வந்ததா என்று பார்த்தாயா?" என்று கேட்டோம்.