வெள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

நமக்கு முயல் என்றால் முயல்தான். அதில் இரண்டு வகை உண்டு என்று யாராவது சொன்னால், 'அப்படியா?' என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

வள்ளுவர் அம்பு விட்ட முயல், தேரிக்காட்டில் பைக் வெளிச்சத்துக்குக் காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு ஓடுகிற முயல், இதெல்லாம் நம்ம ஊர்க் காட்டு முயல். பிடரியில் கறுப்பாக இருக்கும். வளை கிளை எதுவும் தோண்டாது. புல்லுக்குள் ஒரு சின்னப் பள்ளத்தில் தனியாகப் படுத்திருக்கும். குட்டி பிறக்கும்போதே கண்ணைத் திறந்துகொண்டு, உடம்பெல்லாம் ரோமத்தோடு பிறக்கும். தனிக்கட்டையாக வாழ்வதற்கென்றே செய்த உடம்பு அது. (அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.)

கூண்டில் வைத்து வெள்ளை வெளேரென்று விற்கிறார்களே, அது வேற. பூர்வீகம் ஸ்பெயின் பக்கம். மண்ணுக்குள் வளை தோண்டி, அம்மா, சித்தி, பெரியம்மா என்று கூட்டுக் குடும்பமாக இருந்த பரம்பரை. குட்டி கண் மூடி, ரோமமே இல்லாமல் பிறக்கும். கூட நாலு பேர் இல்லாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. நாமோ இரண்டுக்கும் முயல் என்று ஒரே பேரை வைத்துவிட்டு, கூட்டுக் குடும்பத்துக்காரனைத் தனிக்கட்டையாக வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இது எனக்குத் தெரியவந்தது ஆதிச்சநல்லூரில்.

ஆதிச்சநல்லூர் என்றதும் உங்களுக்கு முதுமக்கள் தாழிதான் ஞாபகம் வரும். 1876-இல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் வந்து தோண்டினார். அப்புறம் அலெக்சாண்டர் ரீ வந்தார். எருமை, சேவல், புலி என்று மிருக உருவங்கள் வைத்த வெண்கலச் சாமான்களை எல்லாம் அவர் எடுத்தார். 2004-இல் மறுபடி தோண்டினார்கள், 2021-இலும் தோண்டினார்கள். தாழிக் குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டு அருங்காட்சியகமும் வந்துவிட்டது. எனக்கு அந்த ஊர் என்றால் அக்கா வீடு. அவ்வளவுதான்.

அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். திருநெல்வேலியில் ஒரு கடையில் 'ஜோடி' என்று சொல்லி இரண்டு முயல் வாங்கிவந்தார்கள். ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. சின்ன வயசு முயலில் ஆணா, பெண்ணா என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் இரண்டுமே பெண். அக்கா, தங்கச்சி. நல்லதாகப் போயிற்று. சண்டையும் இல்லை, பிரசவமும் இல்லை. வெயிலுக்கு ஒரு பெரிய மண்பானையைப் படுக்கப் போட்டு, ஈரச் சாக்கைச் சுற்றி வைத்திருந்தார் அத்தான். இரண்டும் அதற்குள்தான் கிடக்கும். தாழி ஊரில் முயலுக்கும் தாழி!

ஒரு ராத்திரி தெருநாய் கூண்டைப் பிரித்துவிட்டது. செவலை போய்விட்டது. மறுநாள் காலையில் போன். "மாமா, வெள்ளை ஒண்ணுமே தின்ன மாட்டேங்கு. சுவரையே பாத்துக்கிட்டு இருக்கு."

'ரெண்டு நாள்ல சரியாயிரும்' என்று சொல்வோம் இல்லையா, மனுஷனுக்கு வேண்டுமானால் அது சரி. முயலுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள், ஒரு நாள் தின்னாமல் இருந்தாலே குடல் நின்றுபோய், வாயு ஏறி, உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முயலுக்கு ஆபரேஷன் என்றால்கூடப் பட்டினி போடுவதில்லை. அன்றைக்கு நான் திருநெல்வேலியில் இருந்தேன். தெரிந்த கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போட்டார். புல்லை அரைத்துக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார்.

"மாப்ள, எரநூறு ரூவா முயலுக்கு வீடு தேடி டாக்டரா? கேக்கவன் சிரிப்பான்" என்றார் அத்தான்.

ராத்திரி முழுக்க விட்டது யார் தெரியுமா? அத்தானின் அம்மா. எழுபத்தெட்டு வயசு. விடியற்காலை நாலு மணிக்கு வெள்ளை நாலு புழுக்கை போட்டது. அத்தை என்னை எழுப்பிக் காட்டினார். வாழ்க்கையில் புழுக்கையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம்தான் பெரிய கேள்வி. வெள்ளைக்குத் துணை வேண்டும். யாரைச் சேர்ப்பது?

"கோழியைக் கூட விடலாம்லா" என்றாள் அக்கா. கோழி கொத்தும். கினிப் பன்றி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். முயலுக்கு ஒன்றும் செய்யாத ஒரு கிருமி கினிப் பன்றிக்கு நிமோனியாவைக் கொடுத்துவிடும் என்றார் டாக்டர். இன்னொரு பெண் முயல்? கூடப்பிறந்தது என்றால் சரி. வளர்ந்த இரண்டு பெண்கள் புதுசாகச் சந்தித்தால் ரோமம் பறக்கும். இரண்டு ஆண்கள் சங்கதி இதைவிட மோசம். முயலுக்குப் பொருத்தமான துணை எதிர்ப்பால்தான்.

ஆண் என்றதும் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. முயலின் கர்ப்பம் 31 நாள்தான். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினையாகும். 1202-இல் ஃபிபொனாச்சி என்ற இத்தாலிக்காரர் வியாபாரிகளுக்காக எழுதிய கணக்குப் புத்தகத்தில் ஒரு ஜோடி முயல் ஒரு வருஷத்தில் 377 ஜோடி ஆகிறது. அதுவும் மாசத்துக்கு ஒரு ஜோடி குட்டி என்ற சிக்கனக் கணக்கில். நிஜ முயல் ஒரு ஈத்துக்கு ஆறு, ஏழு போடும். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் வேட்டையாடிப் பொழுதுபோக்க ஆஸ்திரேலியாவுக்கு 24 முயலை வரவழைத்தார். அந்த நாடு இன்னும் அந்தக் கடனைக் கட்டி முடிக்கவில்லை. இதையெல்லாம் அத்தானுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஒண்ணும் வேண்டாம். அது ஒத்தையிலயே கெடக்கட்டும்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்கும் வழி இருந்தது. ஆணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு. சின்ன ஆபரேஷன்தான். பெண்ணுக்கும் செய்வது நல்லது, நாலு வயசுக்கு மேல் கருப்பையில் புற்றுநோய் வருவது முயலுக்குச் சாதாரணம் என்றார் டாக்டர். ஆனால், அது வயிற்றைத் திறக்கிற வேலை, செத்துப் பிழைத்த வெள்ளை தேறட்டும் என்று அவரே தள்ளிவைத்தார். அத்தான் அப்போதும் மசியவில்லை.

"இப்ப ஒண்ணு வாங்குவிய. நாலு வருஷத்துல ஒண்ணு சாவும். மிச்சம் இருக்கதுக்கு மறுபடி ஒண்ணு வாங்கணும். இது எங்க போய் முடியும்?"

நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப் பன்றியைத் தனியாக வளர்ப்பது சட்டவிரோதம். அங்கேயும் இதே பிரச்னை வந்து, ஜோடி இழந்த கினிப் பன்றிக்கு வாடகைக்குத் துணை கொடுக்கிற ஆளே வந்துவிட்டார்கள். கடைசிக் காலம் வரை வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆதிச்சநல்லூரில் அந்த வசதி இல்லையே.

திண்ணையிலிருந்து அத்தை சொன்னார், யாரையும் பார்க்காமல். "ஒத்தையில கெடக்கட்டும்னு ஈசியாச் சொல்லிட்ட. கெடந்து பாத்தவளுக்குல்லா தெரியும்."

மாமா இறந்து பதினோரு வருஷம். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார்கள். பேத்திக்கு ஸ்கூல், டியூஷன். அத்தான் எதுவும் பேசாமல் செருப்பைத் தேடினார். அந்த வாரமே மாப்பிள்ளை வந்தாச்சு. சாம்பல் நிறம், எட்டு மாசம்.

வந்த கையோடு சேர்த்துவைத்துவிட முடியாது. ஆபரேஷன் முடிந்தாலும் ஆறு வாரம் வரை மாப்பிள்ளைக்குப் 'பழைய ஸ்டாக்' இருக்குமாம். அதுவரை நடுவில் கம்பி வலை. இவள் படுத்த சாக்கை அங்கே, அவன் படுத்த சாக்கை இங்கே மாற்றி மாற்றிப் போட்டார்கள். வாசனை பழக வேண்டும். முதல் சந்திப்பை வெள்ளையின் கூண்டில் வைத்தால் 'என் வீட்டுக்குள்ள எவன்டா?' என்று கடித்துவிடும். அதனால், இருவருக்கும் சம்பந்தமில்லாத எதிர் வீட்டு மொட்டை மாடி, சாயங்காலம், பத்து நிமிஷம்.

முதல் நாள் வெள்ளை துரத்தியது. மாப்பிள்ளை ஓடினான். இரண்டாம் நாளும் அப்படியே. துரத்துவதும் மேலே ஏறுவதும் 'இங்கே யார் பெரியவர்' என்ற விவகாரம், அதை விட்டுவிடலாம். வட்டமடித்துக்கொண்டு அடிவயிற்றைக் கடித்தால் மட்டும் உடனே பிரிக்க வேண்டும். அக்கா மகள் தடிமனான துண்டோடு தயாராக நின்றாள். ஒன்பதாம் நாள் வெள்ளை தலையைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி நீட்டியது. மாப்பிள்ளை ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் அதன் நெற்றியை நக்க ஆரம்பித்தான்.

போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பானைக்குள் வெள்ளையும் சாம்பலும் ஒன்றின் மேல் ஒன்று தலையை வைத்துக்கொண்டு தூங்குகின்றன. பக்கத்தில் அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். போட்டோவுக்குக் கீழே அத்தானின் மெசேஜ்.

'மாப்ள, அந்த டாக்டர் ஆபரேஷன் நெசமாவே பண்ணுனாராலே? வெள்ளைக்கு வயிறு கொஞ்சம் பெருத்தாப்புல தெரியுது.'

அது கீரை தின்ற வயிறு என்று போன் போட்டுச் சொன்னேன். நம்பவில்லை. 31 நாள் கழித்துப் பேசலாம் என்று வைத்துவிட்டார்.