கடலில் எறிந்த சரக்குக்கு யார் பணம் தருவது?

2021 மார்ச் 23-ஆம் தேதி சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். ஆறு நாளில் மிதக்க வைத்துவிட்டார்கள். மீம்ஸும் ஓய்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. ஏப்ரல் 1-ஆம் தேதி கப்பலின் உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தார். அதாவது, கப்பலை மீட்ட செலவில் அதில் சரக்கு ஏற்றியிருந்த அத்தனை பேருக்கும் பங்கு உண்டு. உத்தரவாதம் தராதவர்களுக்குச் சரக்கு கைக்கு வராது. இன்சூரன்ஸ் எடுக்காமல் ஒரே ஒரு கண்டெய்னர் அனுப்பிய சின்ன வியாபாரிக்கும் இதேதான்!

பி.காம். மாணவர்கள் இன்சூரன்ஸ் பாடத்தில் இதை இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் இதன் வேர் பவுலஸ் என்ற ரோமானிய சட்ட அறிஞரின் எழுத்தில் இருக்கிறது. கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தவர். புயலில் கப்பலின் பாரத்தைக் குறைக்க ஒருவருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், எல்லோருக்காகவும் போன அந்த நஷ்டத்தை எல்லோரும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும் என்கிறார். தான் கண்டுபிடித்த விதி என்று பெருமை அடித்துக்கொள்ளவும் இல்லை. ரோட்ஸ் தீவுக்காரர்களின் சட்டம் என்று சொல்லிவிடுகிறார்.

பவுலஸ் எழுதிய புத்தகம் இப்போது முழுசாகக் கிடையாது. கி.பி. 530-இல் பேரரசர் ஜஸ்டினியன், ட்ரிபோனியன் தலைமையில் ஒரு குழு போட்டார். சுமார் 2000 புத்தகங்கள், 30 லட்சம் வரிகள். அதை ஒன்றரை லட்சம் வரிகளாகச் சுருக்கினார்களாம். மூன்றே வருஷத்தில், 533-இல், ‘டைஜஸ்ட்’ வெளிவந்தது. அந்தக் காலத்து கட்-பேஸ்ட் என்றே சொல்லலாம். வெட்டியது போக மிச்சமெல்லாம் பெரும்பாலும் அழிந்தே போனது. கையஸ் என்பவரின் பாடநூல் மட்டும் 1816-இல் வெரோனாவில் கிடைத்தது. அதுவும் எப்படி? தோல் ஏட்டில் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புனித ஜெரோமின் கடிதங்களை எழுதி வைத்திருந்தார்கள். அடியில் கையஸ்!

சரி, பவுலஸுக்கு வருவோம். பங்கு பிரிப்பதில் மனிதர் அக்கவுண்டன்ட் மாதிரி யோசிக்கிறார். பிழைத்த சரக்கை விற்கக்கூடிய விலைக்கு மதிப்பிட வேண்டும். எறிந்த சரக்கு அதிக விலைக்குப் போயிருக்கும் என்று அதன் சொந்தக்காரர் சொன்னால் எடுபடாது, ஏனென்றால் ஈடுகட்டுவது நஷ்டத்தை, லாபத்தை அல்ல. முத்தும் ரத்தினமும் கப்பலுக்குப் பாரமே இல்லை என்று நழுவ முடியாது. அதுவும் பிழைத்த சொத்துதானே? சாப்பிட ஏற்றிய உணவுக்கு மட்டும் விலக்கு. உணவு தீர்ந்தால் இருப்பவர்களெல்லாம் பகிர்ந்துதானே சாப்பிடுவார்கள் என்பது அவர் வாதம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, அதற்குமேல் கிடையாது.

பிழைத்த பயணிகள் என்ன தர வேண்டும்? ஒன்றுமில்லை. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை போட முடியாது என்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி அடிமைகள் வருகிறார்கள். கடலில் மாண்ட அடிமைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; நோயில் செத்தவர்களையும், தாமாகவே கடலில் குதித்தவர்களையும் சேர்ப்பதில்லை, அதுபோலத்தான் என்று எழுதுகிறார். ஏன் குதித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வரியில் மறுபடியும் பங்குக் கணக்கு தொடர்கிறது.